'தி ஏரெஸ்' (1949): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களிடம் வில்லியம் வைலரின் 'தி ஏரெஸ்' படத்தைச் சொன்னால், பார்ப்பதற்கு முன்பும் பார்த்த பின்பும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். 8-வது கேள்வியிலிருந்து கதை முழுக்க வெளிவந்துவிடும். படம் பார்க்காதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

1. என்ன கதைன்னு ரெண்டு வரில சொல்லுங்களேன்?

நியூயார்க்கில் ஒரு பணக்கார டாக்டர். அவருக்கு ஒரே மகள், கேத்தரின் ஸ்லோப்பர். கூச்ச சுபாவம், நாலு பேர் நடுவில் பேச வராது, பெரிய அழகி என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு விருந்தில் மோரிஸ் டவுன்செண்ட் என்ற அழகான, கையில் காசில்லாத இளைஞன் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறான். சில நாட்களிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். 'என் மகளிடம் இவனுக்கு வேறு எது பிடித்திருக்க முடியும்? பணத்துக்குத்தான் வருகிறான்' என்று அப்பா முடிவுகட்டுகிறார். மகள் நம்ப மறுக்கிறாள். மீதி முழுக்க இந்த மூன்று பேருக்கு இடையில்தான்.

2. யார் யார் நடிச்சிருக்காங்க?

கேத்தரினாக ஒலிவியா டி ஹாவிலண்ட், மோரிஸாக மான்ட்கோமரி கிளிஃப்ட், டாக்டர் ஆஸ்டின் ஸ்லோப்பராக ரால்ஃப் ரிச்சர்ட்சன். டாக்டரின் விதவைத் தங்கை லவீனியாவாக மிரியம் ஹாப்கின்ஸ். பாரமவுன்ட் வெளியீடு, ஓடும் நேரம் 115 நிமிடம். இயக்கம், தயாரிப்பு இரண்டும் வைலர். ஒளிப்பதிவு லியோ டோவர்.

திரைக்கதை ரூத் கெட்ஸ், அகஸ்டஸ் கெட்ஸ் என்ற தம்பதி எழுதியது. ஹென்றி ஜேம்ஸ் 1880-இல் வெளியிட்ட 'வாஷிங்டன் ஸ்கொயர்' என்ற நாவலை இவர்கள் முதலில் மேடை நாடகமாக்கினார்கள். அது 1947 செப்டம்பரில் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறியது. வென்டி ஹில்லர் கேத்தரின், பேசில் ராத்போன் அப்பா. அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படமாக எடுக்கலாம் என்று வைலரிடம் கொண்டுபோனவர் டி ஹாவிலண்ட்தான்.

3. கறுப்பு வெள்ளை, வீட்டுக்குள்ளேயே நடக்குதாமே. போரடிக்காதா?

முதல் இருபது நிமிடம் பொறுமை வேண்டும். மீன் வாங்குவது, உடை காட்டுவது, விருந்துக்குப் போவது என்று சாதாரணமாகத்தான் நகரும். ஆனால் அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியமும் பின்னால் திரும்பி வந்து அடிக்கிறது. மோரிஸ் முதன்முதலாக வீட்டுக்கு வந்த பிறகு வேகம் கூடிவிடும். கடைசி அரை மணி நேரத்தில் எழுந்துபோக யாருக்கும் மனம் வராது.

பார்க்கும் விதம் ஒன்று முக்கியம். படம் ஏறக்குறைய சதுரமான பழைய சட்டத்தில் எடுக்கப்பட்டது. தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும். அதைப் பார்த்துப் படத்தை இழுத்துப் பரப்பிவிடாதீர்கள். இந்தப் படத்தின் மாடிப்படி உயரமாக இருப்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. இழுத்தால் படிக்கட்டு குட்டையாகிவிடும், முகங்கள் உப்பிவிடும். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கடைசிக் காட்சிகள் விளக்கு வெளிச்சத்தில் நடப்பதால் அறையை இருட்டாக்கிக்கொண்டு பார்ப்பது மேல்.

4. எந்தக் காலத்துல நடக்கிற கதை? அந்த வாஷிங்டன் ஸ்கொயர் இப்பவும் இருக்கா?

படம் எடுத்த காலத்துக்கு நூறு ஆண்டுகள் முன்னால், அதாவது 1850-ஐ ஒட்டிய நியூயார்க். வாஷிங்டன் ஸ்கொயர் மன்ஹாட்டனில் இன்றும் இருக்கும் பூங்கா. முதலில் அது ஏழைகளையும் அநாதைப் பிணங்களையும் புதைக்கும் இடமாக இருந்தது. 1826-இல் அதைப் படை அணிவகுப்பு மைதானமாக்கினார்கள். 1830-களில் வடக்குப் பக்கத்தில் செங்கல் வீடுகள் வரிசையாக எழுந்தன. பணக்காரக் குடும்பங்கள் குடிவந்தன. ஹென்றி ஜேம்ஸ் 1843-இல் பிறந்ததே அந்தப் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில்தான். அவருடைய பாட்டி வீடும் அங்கேதான்.

இன்று அந்தப் பூங்காவின் அடையாளமாக நிற்கும் வெள்ளைச் சலவைக்கல் வளைவைப் படத்தில் தேடாதீர்கள். அது 1892-இல்தான் கட்டி முடிந்தது. படத்தில் வரும் வீடும் பூங்காவும் கலிஃபோர்னியாவில் போட்ட செட்.

5. வருஷம் முப்பதாயிரம் டாலர்ங்கிறாங்களே, அது அவ்வளவு பெரிய பணமா?

மிகப் பெரிய பணம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் கதை பிடிபடும். கேத்தரினுக்கு இறந்துபோன அம்மா வழியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வருமானம். அது அவளுடையது, அப்பா அதில் கை வைக்க முடியாது. அப்பா இறந்தால் அவர் சொத்திலிருந்து இன்னும் 20,000. இரண்டும் சேர்ந்தால் 30,000.

அந்தக் காலத்து நியூயார்க்கில் கூலி வேலை செய்பவருக்கு நாளுக்குச் சுமார் ஒரு டாலர். வருடம் முழுக்க உழைத்தாலும் 300 டாலரைத் தொடுவது கஷ்டம். விலைவாசியை வைத்துப் பெருக்கினால் அந்த 30,000 இன்றைக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும். 5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு வருமானம் வர 6 லட்சம் டாலர் முதல் வேண்டும்.

ஒன்றை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: வெறும் 10,000 மட்டுமே என்றாலும் அது ராஜ வாழ்க்கைக்குப் போதும். 9-வது கேள்விக்கு இது தேவைப்படும்.

6. கல்யாணம் ஆனா பொண்டாட்டி சொத்து புருஷனுக்குப் போயிடுமா? அப்பா ஏன் இப்படிப் பயப்படறார்?

நியூயார்க் மாநிலத்தில் 1848 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. கல்யாணத்தின்போது பெண்ணிடம் இருக்கும் சொத்தும் அதன் வருமானமும் அவளுக்கே உரியவை, கணவன் தன் இஷ்டத்துக்கு விற்கவோ அவனுடைய கடனுக்கு ஈடாக்கவோ முடியாது என்றது அது. அதற்கு முன்பு, மனைவி கொண்டுவரும் பணமும் நகையும் கணவன் கைக்குத்தான் போகும். வசதியான அப்பாக்கள் மகளின் சொத்தை டிரஸ்ட் என்ற பெயரில் கட்டிவைத்து மாப்பிள்ளையிடமிருந்து காப்பாற்றுவார்கள்.

ஆக, படம் நடக்கும் காலத்தில் சட்டப்படி மோரிஸ் அந்தப் பணத்தைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆனால் டாக்டரின் பயம் சட்டத்தோடு முடிகிற பயம் இல்லை. கேத்தரின் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். மோரிஸ் தன் பங்குக்கு வந்த சிறு சொத்தை ஐரோப்பாவில் சுற்றித் தீர்த்தவன். இப்போது விதவை அக்கா வீட்டில் தங்கியிருக்கிறான், வேலை எதுவும் இல்லை. பெண்ணைக் கொடுக்கும் எந்தத் தகப்பனும் இந்த விவரங்களைக் கேட்டால் யோசிக்கத்தான் செய்வார். இதுவரை டாக்டர் பக்கம் நியாயம் இருக்கிறது.

7. அப்பாவுக்கு மகள் மேல பாசமே கிடையாதா?

அவர் கேத்தரினை ஒரு தடவைகூடக் கேத்தரினாகப் பார்ப்பதில்லை. இறந்துபோன மனைவியை மனதில் ஓர் உருவமாக வைத்திருக்கிறார். அழகு, பேச்சு, பாட்டு, பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் குறையே இல்லாத உருவம். அதன் பக்கத்தில் மகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். அந்தப் போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாது.

விருந்துக்குப் போகும் நாளில் கேத்தரின் செர்ரிச் சிவப்பில் உடை உடுத்திக்கொண்டு வந்து நிற்பாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம், அப்பா சந்தோஷப்படுவார் என்று ஆசை. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, உன் அம்மா நல்ல நிறம், அந்த வண்ணத்தை அவள் அடக்கி ஆண்டாள் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்வார். குரல் உயராது, முகத்தில் சிரிப்புக்கூட இருக்கும். ரிச்சர்ட்சனின் நடிப்பில் பயங்கரமே இதுதான். அடிக்கிற அப்பாவாக இருந்தால் மகள் என்றைக்கோ எதிர்த்திருப்பாள். இவர் மரியாதையாகப் பேசியே அவளைச் சுருக்கிவிடுகிறார், அதுவும் தான் நல்ல தகப்பன் என்ற முழு நம்பிக்கையோடு.

8. மோரிஸ் அவளை நிஜமாவே காதலிச்சானா, இல்ல முழுக்க நடிப்பா?

அதிகமாக வரும் கேள்வி இது. நாவலில் இந்தச் சந்தேகம் ரொம்ப நேரம் நிற்காது. மோரிஸ் பணத்துக்கு வந்தவன் என்று ஹென்றி ஜேம்ஸ் சீக்கிரமே நம்மிடம் சொல்லிவிடுகிறார். படம் அதை வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறது. கிளிஃப்ட் கண்ணில் பொய் தெரிகிற மாதிரி ஒரு இடத்திலும் நடிக்கவில்லை. கேத்தரினிடம் பேசும்போது குரலில் உண்மையான கனிவு இருக்கிறது. அதனால் பார்க்கிற நாமும் அவளோடு சேர்ந்து நம்புகிறோம், அப்பாவைத் திட்டுகிறோம்.

ஆனால் அவன் தனியாக இருக்கும் நேரங்களைப் பாருங்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவன் பார்வை முதலில் பொருள்கள்மேல் போகும். கேத்தரினும் அப்பாவும் ஐரோப்பாவில் இருக்கும்போது லவீனியா அத்தையின் தயவில் அங்கே வந்து உட்கார்ந்து, டாக்டரின் சுருட்டைப் பிடித்து, அவருடைய பிராந்தியைக் குடிப்பான். அந்த நாற்காலியில் அவன் சாய்ந்திருக்கும் சௌகரியம் பல வருடம் அங்கேயே இருந்தவனுடையது.

எங்கள் கணிப்பு இது: அவனுக்குக் கேத்தரினைப் பிடிக்கும். அவளோடு சுகமாக வாழ்ந்திருப்பான், அவளை மோசமாகவும் நடத்தியிருக்கமாட்டான். ஆனால் அவள், அந்த வீடு, அந்தப் பணம் மூன்றும் அவனுக்கு ஒரே பொருள். அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் மீதியின்மேல் அவனுக்கு ஆசை நிற்காது.

9. ஓடிப்போகலாம்னு முடிவு பண்ணின ராத்திரி அவன் ஏன் வரல? அவள் பணத்தைப் பத்தி வாயைத் திறக்காம இருந்திருந்தா வந்திருப்பானா?

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இரவு, மழை. மோரிஸ் வீட்டுக்கு வெளியே காத்திருக்கிறான். அன்றிரவே போய்விடலாம் என்று அவசரப்படுத்துகிறவள் கேத்தரின். கூடவே இன்னொன்றும் சொல்கிறாள்: அப்பா என்னை வெறுக்கிறார், அவரிடமிருந்து இனி ஒரு காசு வாங்கமாட்டேன், அவர் உயிலிலிருந்து என்னை நீக்கிவிடுவார். அந்த இடத்தில் கிளிஃப்டின் முகத்தைக் கவனியுங்கள். அவன் ஒன்றுமே மறுப்பதில்லை. அப்பா மனம் மாறுவார், பேசிப் பார்க்கலாம் என்று மெதுவாக இழுப்பான். பிறகு வண்டியோடு வருகிறேன் என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போவான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருப்பானா? வந்திருப்பான். லவீனியா அத்தையும் இதைத்தான் சொல்லிப் புலம்புகிறாள்: இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாக இருந்திருக்கக் கூடாதா என்று. ஆனால் 5-வது பதிலில் உள்ள கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். அப்பா காசு தராவிட்டாலும் கேத்தரினிடம் ஆண்டுக்கு 10,000 டாலர் இருக்கிறது. வறுமைக்குப் பயந்து அவன் ஓடவில்லை. 30,000 எதிர்பார்த்தவனுக்கு 10,000 போதவில்லை. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, உன் சொத்து போய்விடக் கூடாதே என்றுதான் விலகிப்போனேன் என்று அவன் விளக்கம் சொல்லும்போது, இந்தக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு ஓட்டை என்று புரிந்துவிடும்.

10. லவீனியா அத்தை நல்லவங்களா கெட்டவங்களா?

கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் அடுத்தவர் காதலில் தன் காதலைத் தேடுகிறவர். மோரிஸ் பணத்துக்கு வந்தவன் என்று அவருக்கு ஓரளவு தெரியும். அதனால் என்ன, கேத்தரினுக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கிறதே என்பது அவர் வாதம். படத்தில் நடைமுறை அறிவோடு பேசுகிறவர் இவர் ஒருவர்தான் என்றும் வாதாடலாம். மிரியம் ஹாப்கின்ஸ் இவரைக் கேலிப்பொருளாக்காமல் விட்டது பெரிய விஷயம்.

11. அந்த மாடிப்படி காட்சியில அப்படி என்னதான் இருக்கு?

மோரிஸுக்காகக் காத்திருக்கும் அதே இரவு. வண்டிச் சத்தம் கேட்கிறது, கேத்தரின் எழுகிறாள், வண்டி நிற்காமல் போகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி, அதுவும் போகிறது. அத்தை பக்கத்தில் இருக்கிறார். மோரிஸ் வரமாட்டான் என்பது அவளுக்கு உறைத்த பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள். காமிரா மேலிருந்து பார்க்கிறது. வசனம் இல்லை. அவ்வளவுதான் காட்சி.

டி ஹாவிலண்ட் திரும்பத் திரும்ப ஏறியும் வைலருக்குத் திருப்தி வரவில்லை. வெறும் பெட்டி என்பதுதான் காரணம் என்று புரிந்து, உள்ளே கனமான புத்தகங்களை அடுக்கச் சொன்னார் என்பது சினிமா உலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. திரையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரிகிறது. தோள் ஒரு பக்கம் இறங்குகிறது, கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிறாள், ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன நிறுத்தம். சோகத்தை முகத்தில் காட்டச் சொல்லாமல் பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டார் இயக்குநர்.

இதே படியை அவள் படத்தில் பலமுறை ஏறி இறங்குகிறாள். சிவப்பு உடையில் ஆசையோடு இறங்கியது ஒன்று, இது ஒன்று, கடைசியில் விளக்கோடு ஏறுவது ஒன்று. மூன்றையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

12. அப்பா சாகும்போதுகூட அவள் மேலே போகலையே. பெத்த அப்பா இல்லையா?

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய அந்த இரவிலேயே, மோரிஸ் வருவதற்கு முன்பே அப்பா தன் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். உன்னிடம் அவன் விரும்ப என்ன இருக்கிறது, உனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சுத்தமாகப் பூத்தையல் போடுவாய் என்று சொல்லிவிடுகிறார். பிறகு மோரிஸும் கைவிடுகிறான். கேத்தரின் பார்வையில் இரண்டு பேரும் அவளுக்கு ஒரே விலைதான் போட்டிருக்கிறார்கள்.

அப்பாவின் நோய் முற்றும்போது அவள் அழுவதில்லை, கத்துவதுமில்லை. என்னைக் காப்பாற்றியது பாசத்தால் இல்லை, இளக்காரத்தால் என்று நேராகச் சொல்லிவிடுகிறாள். பிறகு பூங்காவில் போய் உட்கார்கிறாள். வேலைக்காரப் பெண் மரியா ஓடிவந்து, ஐயா கூப்பிடுகிறார் என்கிறாள். நேரம் கடந்துவிட்டது என்று பதில். இதைக் கொடூரம் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, படமே பின்னால் அந்தச் சொல்லை அவள் வாயில் கொடுக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு ஓடியவள் முதன்முறையாக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

13. உயிலை அவர் மாத்தினாரா இல்லையா? எனக்குக் குழப்பமா இருக்கு.

படத்தில் மாற்றவில்லை. நான் இறந்த பிறகு நீ மோரிஸைக் கட்டிக்கொள்ளக் கூடாது, வாக்குக் கொடு என்கிறார் அப்பா. அவள் மறுக்கிறாள். அப்படியென்றால் உயிலை மாற்றுவேன் என்று மிரட்டுகிறார். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று உட்காருகிறாள். அவரால் சொல்ல முடிவதில்லை, ஒரே மகள். அவள் என்ன செய்வாள் என்று கடைசிவரை தெரியாமலேயே அவர் போக வேண்டியிருக்கிறது. அவநம்பிக்கையில் வாழ்ந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

குழப்பத்துக்குக் காரணம் நாவல். அதில் அவர் உண்மையாகவே மாற்றிவிடுகிறார். முதலில் எழுதிவைத்திருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மகளுக்கு, மீதி மருத்துவமனைகளுக்கும் மருத்துவப் பள்ளிகளுக்கும். நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

14. கடைசியில கதவைத் திறக்காதது பழிவாங்கலா, இல்ல விடுதலையா?

மோரிஸ் கலிஃபோர்னியாவிலிருந்து மீசையோடு திரும்பி வருகிறான். அதே பேச்சு, அதே கனிவு. கேத்தரின் மன்னித்துவிட்டதுபோல் இருக்கிறாள். பாரிஸில் அவனுக்காக வாங்கிய மாணிக்கப் பொத்தான்களை எடுத்துக் கொடுக்கிறாள். இரவே வண்டியோடு வா என்கிறாள். அவன் போன பிறகு அத்தையிடம் சொல்கிறாள்: முதலில் பணம் மட்டும் கேட்டான், இப்போது என் அன்பையும் சேர்த்துக் கேட்கிறான். இவ்வளவு கொடூரமாக உன்னால் எப்படி இருக்க முடிகிறது என்று அத்தை பதறும்போது, கைதேர்ந்தவர்களிடம் கற்றுக்கொண்டேன் என்பதுதான் பதில்.

இது திட்டமிட்ட பழிவாங்கல், சந்தேகமே வேண்டாம். அன்று அவள் காத்திருந்தாள். இன்று அவன் காத்திருக்கிறான். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், வெளியே அவன் தட்டித் தட்டி அவள் பெயரைக் கூப்பிடுகிறான். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு படியேறுகிறாள், முகத்தில் வெற்றி தெரிகிறது.

விடுதலையா என்று கேட்டால், எங்களால் முழுதாக ஆம் என்று சொல்ல முடியவில்லை. அவள் இனி யாருக்கும் பயப்படப் போவதில்லை, அது உண்மை. ஆனால் குரலைக் கேளுங்கள். தொடக்கத்தில் உயர்ந்து தடுமாறிய குரல் இப்போது தாழ்ந்து, அளந்து, சூடில்லாமல் வருகிறது. அது டாக்டர் ஸ்லோப்பரின் குரல். டி ஹாவிலண்ட் இந்த மாற்றத்தைச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்த விதத்துக்காகவே இந்த நடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

15. நாவல்லயும் இப்படித்தான் முடியுதா?

இல்லை. நாவலில் நள்ளிரவு வண்டியும் கிடையாது, கதவுத் தட்டலும் கிடையாது. மோரிஸ் சண்டைக்கு ஒரு சாக்குப் பிடித்து மெல்லக் கழன்றுகொள்கிறான். பல வருடம் கழித்து வழுக்கை விழுந்த ஆளாகத் திரும்பி வரும்போது, கேத்தரின் அமைதியாக மறுத்துவிட்டுத் தன் தையலை எடுத்துக்கொண்டு உட்கார்கிறாள். பழிவாங்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. நாடகத்துக்கும் படத்துக்கும் கெட்ஸ் தம்பதி உருவாக்கியதுதான் அந்தத் தாழ்ப்பாள்.

மோரிஸின் அக்கா மிசஸ் மான்ட்கோமரியை டாக்டர் சந்திக்கும் இடமும் மாறியிருக்கிறது. நாவலில் அவர் துருவித் துருவிக் கேட்டதில் அக்கா உடைந்துபோய், அவனுக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள் என்றே சொல்லிவிடுகிறாள். படத்தில் அவ்வளவு வெட்டவெளிச்சமான பதில் வருவதில்லை. 8-வது பதிலில் சொன்ன சந்தேகம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இதை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த அக்காவாக நடித்த பெட்டி லின்லி பிராட்வே மேடையிலும் அதே வேடம் போட்டவர்.

16. உண்மைக் கதைன்னு எங்கேயோ படிச்சேன். சரியா?

விதை உண்மை. ஃபேனி கெம்பிள் என்ற ஆங்கிலேய நடிகை தன் தம்பியைப் பற்றி ஹென்றி ஜேம்ஸிடம் 1879-இல் ஒரு சம்பவம் சொன்னார். அழகான, கையில் காசில்லாத ராணுவ அதிகாரி அந்தத் தம்பி. கேம்பிரிட்ஜில் கல்லூரித் தலைவர் ஒருவரின் மகளைச் சொத்துக்காக மணக்கப் பார்த்து, அப்பா காசு தரமாட்டார் என்று தெரிந்ததும் விலகிப்போனார். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தப் பெண் ஏற்கவில்லை. ஜேம்ஸ் இதைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பிறகு கதையை இங்கிலாந்திலிருந்து பெயர்த்து, தான் பிறந்த பகுதிக்குக் கொண்டுவந்து நட்டார்.

17. இசை ஆரன் கோப்லண்ட்தானே? ஆரம்ப இசை அவருடையது இல்லைங்கறாங்களே?

இசை அவருடையதுதான், ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் தலைப்பு ஓடும்போது வரும் இசையை ஸ்டூடியோ அவரைக் கேட்காமலே மாற்றிவிட்டது. 'பிளெசிர் தமூர்' என்ற பழைய பிரெஞ்சுப் பாடலின் மெட்டை வேறொருவரை வைத்து அங்கே நுழைத்தார்கள். அந்தப் பகுதி என்னுடையது இல்லை என்று கோப்லண்ட் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அந்தப் பாடல் 1784-இல் மார்ட்டினி மெட்டமைத்தது. காதலின் இன்பம் ஒரு கணம், அதன் துன்பம் வாழ்நாள் முழுக்க என்பது பொருள். படத்துக்குள் மோரிஸ் கேத்தரினுக்குப் பியானோவில் வாசித்துப் பாடிக் காட்டுவதும் இதைத்தான். பின்னால் நடக்கப்போவதை அவனே அவள் முன்னால் உட்கார்ந்து பாடிவிட்டுப் போகிறான்.

18. எத்தனை ஆஸ்கர்?

எட்டுப் பரிந்துரை, நான்கு விருது: சிறந்த நடிகை, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான கலை இயக்கம், அதே பிரிவில் உடை அலங்காரம், இசை. டி ஹாவிலண்டுக்கு இது இரண்டாவது ஆஸ்கர். உடைக்கான விருது எடித் ஹெட்டுக்கும் கில் ஸ்டீலுக்கும். 1996-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது.

19. 1997-ல இதே கதையைக் கலர்ல எடுத்தாங்களே, அதைப் பார்த்தா போதாதா?

அக்னியெஷ்கா ஹாலண்ட் இயக்கிய 'வாஷிங்டன் ஸ்கொயர்' அது. ஜெனிஃபர் ஜேசன் லீ கேத்தரின், ஆல்பர்ட் ஃபின்னி அப்பா, மேகி ஸ்மித் அத்தை. நாடகத்தை விட்டுவிட்டு நாவலுக்குப் பக்கத்தில் போன படம், அதனால் 15-வது பதிலில் சொன்ன முடிவை ஒட்டியே முடியும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று கிடையாது. முதலில் 1949, அதன் பிறகு நாவல், கடைசியில் 1997 என்ற வரிசையை நாங்கள் பரிந்துரைப்போம். நாவலை முதலில் படித்தால் மோரிஸ் மீதான சந்தேகம் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும், 1949 படத்தின் பாதி சுவை போய்விடும்.

20. ரெண்டாவது தடவை பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

கைகளை. கேத்தரினின் கை தொடக்கத்தில் விசிறியோடும் உடையோடும் திண்டாடும். கடைசியில் அதே கை ஊசியை நிதானமாக இழுத்து, எழுத்துவரிசைப் பூத்தையலின் கடைசி எழுத்தை முடித்து, நூலைக் கத்தரிக்கும். அப்பா இளக்காரமாகச் சொன்ன அதே பூத்தையல். இனிமேல் தைக்கமாட்டேன் என்று அவள் சொல்லும்போது அது யாருக்குச் சொல்லும் பதில் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கதவுகள். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இழுத்து மூடும் கதவுகள் இருக்கின்றன. யார் மூடுகிறார்கள், யார் திறக்கிறார்கள், மூடிய பிறகு யார் வெளியில் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனால், அந்த வீட்டின் அதிகாரம் கை மாறுவது வசனமில்லாமலே தெரியும். கலை இயக்குநர் ஹாரி ஹோர்னர் அந்த வீட்டை அப்படி வடிவமைத்திருக்கிறார். லியோ டோவரின் ஒளிப்பதிவில் முன்னால் இருப்பவரும் பின்னறையில் இருப்பவரும் ஒரே தெளிவில் விழுவதால், பேசுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தையும் பார்க்கலாம்.

மோரிஸ் முதல் தடவை வீட்டுக்கு வரும் காட்சியில் இதைச் செய்து பாருங்கள்: ஒரு தடவை கிளிஃப்டை மட்டும், இன்னொரு தடவை ரிச்சர்ட்சனை மட்டும், மூன்றாவது தடவை பேச்சே இல்லாமல் இருக்கும் டி ஹாவிலண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். ஒலியைக் குறைத்துவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.